கஞ்சாக் கஷாயமும் என் குடலும்

"என்ன பிள்ளை இது, அடுப்பில?"

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டபோது என்னிடம் ஒரு பொய்கூடத் தயாராக இருக்கவில்லை. சின்னச் சட்டி, மேலே மூடி, மெல்லிய நெருப்பு. கால் மணி நேரம் கொதிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குப் போய் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வருவா. பலெர்மோவில் இருக்கிற தமிழ்ச் சனம், சைவக்காரரும் சேர்த்து, அந்த மலைக்குப் போவது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அம்மா வெள்ளனவே வந்துவிட்டா.

"கஷாயம் அம்மா. வயித்துக்கு."

"என்ன போட்டிருக்கிறாய்?"

நான் வாய் திறக்க முதலே அவ மூடியைத் தூக்கி மணந்துவிட்டா. பிறகு மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தா.

"பிள்ளை, இது கஞ்சா எல்லோ?"

"ஓம் அம்மா. டொக்டர் எழுதித் தந்தது."

"எந்த டொக்டர் கஞ்சா எழுதுறவர்?"

இது நடந்து மூன்று வருஷம். இந்தப் பத்தியில் பிள்ளைகளின் தமிழ், பள்ளிக்கூட மதியச் சாப்பாடு, அம்மம்மாமாரின் வளர்ப்பு என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். என் குடலைப் பற்றி மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். இந்த மாதம் எழுத வைத்தது ஒரு கடிதம்.

கனடாவில் இருக்கும் ஒரு தாய் எழுதியிருந்தா. அவவின் மகனுக்கு 15 வயது. குரோன்ஸ் நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊசி மருந்து தொடங்கவேண்டும் என்று டொக்டர் சொல்கிறார். அந்த மருந்தின் பக்கவிளைவுகளை வாசித்துவிட்டு அவவுக்கு நித்திரை இல்லை. கஞ்சா எண்ணெயால் குடல் வருத்தம் மாறியது என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னாராம். "அது இயற்கையானதுதானே, முதலில் அதைக் கொடுத்துப் பார்க்கலாமா?" என்பதுதான் கேள்வி. பெயர் போடாமல் இங்கே பதில் எழுதலாமா என்று கேட்டேன். சம்மதித்தா.

சுருக்கமான பதில்: ஊசிக்குப் பதிலாக என்றால், வேண்டாம் அக்கா. நீண்ட பதிலில் என்னுடைய சொந்தப் பிழை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் டொக்டர் இல்லை, மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவள். ஒன்பது வருஷமாகக் குரோன்ஸ் நோயோடு இருக்கிறேன், அவ்வளவுதான்.

வயிற்றுக் குழப்பம் வேறு, இது வேறு

குடல் அழற்சி நோய் என்று சொல்வதில் முக்கியமானவை இரண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்பக்கத்தைப் புண்ணாக்கும். குரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கேயும் வரலாம், குடற்சுவரின் முழுத் தடிப்புக்கும் இறங்கலாம். 1932 இல் நியூயோர்க்கில் இதை விவரித்து எழுதியவர்களில் ஒருவரான பரில் குரோன் என்ற டொக்டரின் பெயர்தான் நோய்க்கு நிலைத்தது. இரண்டிலும் நடப்பது ஒன்றே: உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே அடிக்கிறது. அந்தப் புண் ஆறாமல் கிடந்தால் தழும்பாகிக் குடல் ஒடுங்கும், ஓட்டை விழும், வெட்டி எடுக்கவேண்டி வரும்.

எனக்குத் தொடங்கியபோது வீட்டில் சொன்ன பெயர் "சூடு". அம்மா வெந்தயம் ஊறப்போட்டுத் தந்தா, மோர் தந்தா. அப்பா, இத்தாலியன் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான் பிறந்து வளர்ந்ததே இத்தாலியில்! பத்துக் கிலோ இறங்கி, இரவில் நாலு தரம் எழும்பி ஓடத் தொடங்கிய பிறகுதான் கொலோனோஸ்கோபி செய்தார்கள்.

இரவில் எழும்புவது முக்கியமான அடையாளம். வெறும் வயிற்றுக் குழப்பம், பரீட்சைப் பயம் போன்றவை பிள்ளையை நித்திரையிலிருந்து எழுப்பி டொய்லெட்டுக்கு அனுப்புவது குறைவு. மலத்தில் இரத்தம், எடை இறங்குதல், உயரம் கூடாமல் நிற்றல், இரத்தச்சோகை, வாயில் திரும்பத் திரும்பப் புண், மூட்டு வலி, கண் சிவத்தல் என்பவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தால் வெந்தயத்தோடு நிற்கவேண்டாம்.

ஊரில் கேள்விப்படாத வருத்தம் எங்கட பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1991 முதல் 1994 வரை நடந்த ஆய்வில், அங்கே இரண்டாம் தலைமுறைத் தெற்காசியருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரும் ஆபத்து அந்த ஊர் ஐரோப்பியரைவிடக் கூடவாக இருந்தது. கனடாவின் ஒன்ராறியோவில் 2015 இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. குடியேறிகளுக்கு இந்த நோய் குறைவு. ஆனால் எவ்வளவு சின்ன வயதில் வந்து இறங்கினார்களோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது. தெற்காசியக் குடியேறிகளின் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ, மற்றக் கனடியப் பிள்ளைகளுக்கு இருக்கும் அதே அளவு ஆபத்து. ஆகவே "எங்கட பரம்பரையில் இல்லை" என்ற கதை எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு தராது.

ஆமி வளர்க்கும் கஞ்சா

திரும்பக் குசினிக்கு வருவோம். அன்றைக்கு அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் எடுத்தது. கஞ்சா என்றால் அவவுக்குத் தெரிந்தது யாழ்ப்பாணப் பேப்பரில் வரும் "கேரள கஞ்சா பிடிபட்டது" என்ற செய்தியும், பல்லாரோ சந்தைப் பக்கம் இரவில் நிற்கிற பெடியன்களும்தான்.

இத்தாலியில் 2007 இலிருந்தே கஞ்சாவில் உள்ள மருந்துப் பொருட்களை டொக்டர் எழுதச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2014 இல் சுகாதார அமைச்சும் பாதுகாப்பு அமைச்சும் ஒப்பந்தம் செய்து, பிளோரன்ஸ் நகரில் உள்ள இராணுவ மருந்துத் தொழிற்சாலையில் கஞ்சாவை வளர்க்கத் தொடங்கின. அங்கே வரும் முதல் வகையின் பெயர் எஃப்எம்2. அதில் போதை தரும் டிஎச்சி 5 முதல் 8 வீதம், போதை தராத சிபிடி 7.5 முதல் 12 வீதம். நெதர்லாந்திலிருந்தும் வேறு வகைகள் இறக்குமதியாகின்றன. பூவை மருந்துக்கடைக்காரர் நிறுத்து, பொட்டலமாகவோ எண்ணெயாகவோ தயாரித்துத் தருவார். டொக்டரின் துண்டில் உங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீடுதான் இருக்கும்.

"ஆமியோ வளக்கிறான்?" என்று அம்மா கேட்டா. ஆமி என்ற சொல்லுக்கு அவவின் வாழ்க்கையில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "ஆமி கஞ்சா வளத்து, சனத்துக்கு மருந்தெண்டு குடுக்கிறானோ? நல்ல நாடு."

பிறகு ஒருதரம் சிரித்தா. அன்றைக்கு அந்தச் சிரிப்போடு கதையை முடித்துக்கொண்டது என் பிழை. ஏனென்றால் நான் முழுவதையும் சொல்லவில்லை.

முழுவதும் என்னவென்றால், இத்தாலிய அரசு கஞ்சாவைக் குடல் நோய்க்கு மருந்தாக அனுமதிக்கவே இல்லை. 2015 நவம்பரில் வந்த அமைச்சின் ஆணை எந்தெந்த நிலைமைக்கு எழுதலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது: தசை இறுக்கத்தோடு வரும் வலி, நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் வரும் சத்தி, சில நோய்களில் சாப்பாடு மறுத்து மெலிதல், கண் அழுத்தம், டூரெட் நோய். அதுவும் வழமையான மருந்துகள் போதாமல் போனால்தான். குரோன்ஸ் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. நான் நுழைந்தது நாட்பட்ட வலி என்ற கதவால். கஞ்சா ஒரு முழுமையான சிகிச்சை இல்லை, வழமையான சிகிச்சைக்குத் துணையாக நோயின் அறிகுறியைக் குறைப்பது என்றும் அதே ஆணை தெளிவாகச் சொல்கிறது. சிசிலியின் பிராந்திய அரசும் 2020 இல் இலவசமாகக் கொடுக்கத் தீர்மானித்தது நாட்பட்ட வலி, நரம்பு வலி, மல்டிபிள் ஸ்கிலரோசிஸில் வரும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குத்தான்.

துணை என்ற அந்தச் சொல்லை நான் வாசித்தேன். வாசித்தும் விளங்கிக்கொள்ளவில்லை.

நான் விட்ட பிழை

அப்போது நான் இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றில் நானே குத்தவேண்டும். ஊசி வேலை செய்தது, ஆனால் வலி மிச்சம் இருந்தது. குடல் ஆறினாலும் நரம்புகள் பழைய வலியை மறக்க நாள் எடுக்கும் என்று வலி மருத்துவ டொக்டர் சொன்னார். அவர்தான் கஞ்சாவை எழுதினார்.

முதல் மாதமே வித்தியாசம் தெரிந்தது. இரவு முழுக்க நித்திரை. பசி வந்தது. காலையில் ஆறு தரம் போனது இரண்டு தரமாகக் குறைந்தது. மகனோடு முற்றத்தில் பந்து விளையாடினேன். இவர் என்னைப் பார்த்து, "பழைய ஆள் திரும்பி வந்திட்டா" என்றார். இதையெல்லாம் மறைக்க மாட்டேன். கஞ்சா எனக்கு உதவியது உண்மை.

அது எப்படி என்றும் சொல்லவேண்டும். எங்கள் உடம்பே கஞ்சா போன்ற ஒரு பொருளைத் தயாரிக்கிறது. 1992 இல் ஜெருசலேம் ஆய்வுகூடம் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தவர்கள், எங்களுக்குத் தெரிந்த ஆனந்தம் என்ற சொல்லை எடுத்து ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். அது போய் ஒட்டும் இடங்கள் மூளையில் இருப்பதுபோலக் குடலின் நரம்புகளிலும் இருக்கின்றன. கஞ்சாவின் டிஎச்சி அதே இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. வலிச் செய்தி குறைகிறது. குடல் அசையும் வேகம் குறைகிறது. ஆகவே டொய்லெட்டுக்கு ஓடுவதும் குறையும். புண் அப்படியே இருந்தாலும் குறையும்.

இந்தக் கடைசி வசனத்தைத்தான் நான் யோசிக்கவில்லை. நல்லா இருக்கிறேன், பிறகு எதற்கு ஊசி என்று நினைத்தேன். ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததையும் தள்ளிப்போட்டேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பெட்டிகளை ஒழுங்காக எடுத்துவந்து பிறிட்ஜில் அடுக்கினேன், குத்தவில்லை. குடல் டொக்டரிடம் கஞ்சா எடுப்பதையும் சொல்லவில்லை. எழுதியவர் வேறு டொக்டர், வேறு இடம். "எத்தனை தரம் போகிறீர்கள், வலி எப்படி" என்று அவர் போனில் கேட்பார். "இரண்டு தரம், வலி இல்லை" என்பேன். இரண்டுமே உண்மை. அவர் சந்தோஷப்பட்டார்.

என்னுடைய வேலையில் சேர்வர் பழுதானால் அலாரம் அடிக்கும். இரவு இரண்டு மணிக்கு அடித்தால் சில புதுப் பெடியன்கள் அலாரத்தை நிற்பாட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அப்படிச் செய்த ஒருவனுக்கு நானே ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்திருக்கிறேன். வீட்டில் நாலு மாதம் நான் செய்ததும் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு வயிறு கல்லு மாதிரி வீங்கி, சத்தி நிற்காமல் வந்தது. இவர் மகனோடு வீட்டில் நிற்க, அம்மாதான் என்னோடு அவசரப் பிரிவுக்கு வந்தா. இரவுப் பணியில் இருந்த இளம் டொக்டர், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஊசியின் பெயரைச் சொன்னேன். விற்றமின் குளிசையைச் சொன்னேன். பிறகு பேசாமல் இருந்தேன்.

எனக்குப் பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது. முப்பது வருஷம் பலெர்மோ வீடுகளைத் துடைத்துப் பழகிய இத்தாலியன், பாதி சிசிலியன். "டொத்தோரே, இவள் கஞ்சாவும் குடிக்கிறவள். ஊசி எல்லாம் பிறிட்ஜில கிடக்கு. நான் எண்ணிப் பாத்தனான்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவ்வளவு உதவிய வார்த்தையும் வேறொன்றில்லை. அவர் உடனே பேனையை எடுத்து எழுதினார். இரத்தம், ஸ்கான், மலப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். மலத்தில் கல்புரொடெக்டின் என்று ஒரு புரதம் பார்ப்பார்கள். குடலில் அழற்சி இருந்தால் அது கூடும். வழமையாக 50 க்குக் கீழே இருக்கவேண்டும். எனக்கு 1900. சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கி, பாதை கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது. ஸ்டெரொய்ட் கொடுத்துத் திறந்தார்கள், கத்தி வைக்காமல் தப்பினேன்.

ஆனால் ஒன்றை இழந்தேன். இந்த வகை ஊசியை இடையில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினால், உடம்பு அந்த மருந்தையே எதிரியாக நினைத்து அதற்கு எதிராக வேலை செய்யலாம். எனக்கு அதுதான் நடந்தது. அதுவரை கைகொடுத்த மருந்து, திரும்பப் போட்டபோது வேலை செய்யவில்லை. குரோன்ஸுக்கு மருந்துகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆயுள் முழுக்க வேண்டிய பட்டியலில் ஒன்றை நானே அடித்து வெட்டினேன். இப்போது வேறொரு ஊசி. அது பிடித்திருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதுதான் ஆய்வுகளை ஒழுங்காக வாசித்தேன். முதலிலேயே வாசித்திருக்கவேண்டும்.

அதிகம் பேசப்படுவது 2013 இல் இஸ்ரேலில் வெளிவந்த ஆய்வு. வேறு மருந்துகளுக்குச் சரிவராத 21 குரோன்ஸ் நோயாளிகள். 11 பேருக்கு எட்டுக் கிழமை கஞ்சாச் சிகரெட், 10 பேருக்கு டிஎச்சி நீக்கிய போலிச் சிகரெட். கஞ்சா எடுத்தவர்களில் 10 பேருக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன, மற்றப் பக்கம் 4 பேருக்கு. ஐந்து பேருக்கு நோய் முற்றாக அடங்கியதுபோல இருந்தது, மற்றப் பக்கம் ஒருவருக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் முற்றாக அடங்கியதில் வந்த வித்தியாசம், இவ்வளவு சின்னக் கூட்டத்தில் தற்செயல் இல்லை என்று சொல்லப் போதவில்லை. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவிலும் மாற்றம் இல்லை.

அதே குழு 2021 இல் 32 கொலைட்டிஸ் நோயாளிகளில் செய்த ஆய்வும் அதே மாதிரி முடிந்தது. ஆட்கள் நல்லாக இருப்பதாக உணர்ந்தார்கள், அழற்சி அளவு அதற்கேற்றபடி குறையவில்லை. குரோன்ஸுக்குக் குறைந்த அளவு சிபிடி மட்டும் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில் பலனே இல்லை. அந்தக் கனடாத் தாய் வாங்க நினைத்தது சிபிடி எண்ணெய்தான். உலகெங்கும் உள்ள ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2018 இல் இரண்டு நோய்களுக்கும் சொன்ன முடிவு, பலனும் பாதுகாப்பும் இன்னும் நிச்சயமில்லை என்பது.

கனடாவின் கல்கரியில் 313 நோயாளிகளிடம் கேட்டு 2014 இல் எழுதிய கட்டுரை ஒன்றும் உண்டு. கஞ்சா எடுத்தவர்கள் வலி குறைந்தது என்றார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் எடுத்த குரோன்ஸ் நோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சை அதிகமாக நடந்திருந்தது. கஞ்சாதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வருத்தம் கடுமையானவர்கள்தான் கஞ்சாவைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் என் கதையைப் போல, வலி அடங்கியதால் புண்ணைக் கவனிக்காமல் விட்டவர்களும் அதில் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

அந்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

உங்கள் மகன் 15 வயதுப் பிள்ளை. வளரும் மூளைக்கு டிஎச்சி நல்லதில்லை. மனநோய் வரும் ஆபத்தைக் கூட்டும், குடும்பத்தில் யாருக்கும் அப்படி இருந்தால் இன்னும் கூட. அதோடு, குரோன்ஸ் உள்ள பிள்ளைக்கு வளர்ச்சிக்கான காலம் குறைவு. புண் ஆறாமல் போகும் ஒவ்வொரு மாதமும் அவனுடைய உயரத்திலிருந்து கழியும்.

ஊசிக்குப் பயம் என்றால், அந்தப் பயத்தை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளின் குரோன்ஸுக்கு மருந்தே இல்லாத ஒரு சிகிச்சை உண்டு. ஆறு முதல் எட்டுக் கிழமை வழமையான சாப்பாட்டை நிறுத்தி, விசேஷ ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடிக்கவைப்பார்கள். இது ஐரோப்பாவில் பிள்ளைகளின் குரோன்ஸுக்கு முதலில் யோசிக்கும் வழிகளில் ஒன்று. புண் ஆறுவதற்கும் ஆதாரம் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். "இயற்கையானது" தேடுகிறீர்கள் என்றால் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

பெரியவர்கள் யாரும் கஞ்சா மருந்து எடுப்பதாக இருந்தால், என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்.

குடல் டொக்டருக்குத் தெரிந்து எடுங்கள். சிபிடி ஈரலில் வேறு மருந்துகள் உடையும் வேகத்தை மாற்றும். குடல் நோய்க் குளிசைகள் சிலவும் அதே வழியால்தான் உடைகின்றன. "வலி இல்லை" என்று சொன்னால் போதாது. குறித்த இடைவெளியில் கல்புரொடெக்டின் செய்யக் கேளுங்கள். இத்தாலியில் இருப்பவர்கள், 009 என்ற கட்டண விலக்கு இலக்கம் குரோன்ஸுக்கும் கொலைட்டிஸுக்கும் உரியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புகைக்க வேண்டாம். புகையிலை குரோன்ஸை மோசமாக்கும். கஷாயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கஞ்சாவின் சத்து எண்ணெயில் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் ஒருநாள் கூட, ஒருநாள் குறைய இறங்கும். பிறகு எனக்கு எண்ணெய்த் துளியாக மாற்றித் தந்தார்கள்.

கனகாலம், அதிகமாக எடுத்தால் கஞ்சாவே சத்தியையும் வயிற்றுவலியையும் கொண்டுவரலாம். 2004 இல் ஆஸ்திரேலிய டொக்டர்கள் விவரித்த நிலைமை அது. சுடுதண்ணியில் குளித்தால் மட்டும் சுகமாக இருக்கும். குடல் நோய் திரும்பிவிட்டது என்று அதைப் பிழையாக எடுக்கச் சந்தர்ப்பம் உண்டு.

கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேண்டாம். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். எடுத்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள். இத்தாலியில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வீதிச் சட்டத் திருத்தம் மிகவும் கடுமையானது. டொக்டரின் துண்டு கையில் இருக்கிறது என்று நம்பி இருக்கவேண்டாம். ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது பையில் போடவே கூடாது. ஷெங்கன் நாடுகளுக்குள் டொக்டரின் சான்றிதழோடு 30 நாள் மருந்து கொண்டுபோக வழி இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ கொழும்பிலோ அந்தக் கடதாசி உங்களைக் காப்பாற்றாது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். ஊசியை நாள் தவறாமல் போடுகிறேன். எண்ணெய் சில துளி, இரவில் மட்டும், வலி கூடின கிழமைகளில் மட்டும். இரண்டு டொக்டர்மாருக்கும் இரண்டும் தெரியும். மகனுக்கு எட்டு வயது. "அம்மா, அந்தப் போத்தலில என்ன?" என்று கேட்டான். வலி மருந்து என்று சொன்னேன். பெயரையும் சொன்னேன். வெளியில் பெடியன்கள் புகைப்பதும் அதே செடிதான், ஆனால் இது டொக்டர் அளந்து தந்தது, வளரும் பிள்ளைகளுக்குக் கூடாது என்றேன். ஒளித்து வைத்தால் அவனும் ஒளிக்கப் பழகுவான். அவனுக்கும் என் குடல் வாய்த்திருக்கலாம் என்ற பயம் எனக்குண்டு. அப்படி ஒருநாள் இரத்தம் கண்டால் வெட்கப்படாமல் என்னிடம் வந்து சொல்லவேண்டும்.

அம்மா இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் மலைக்குப் போகிறா. வந்ததும் முதலில் பிறிட்ஜைத் திறந்து ஊசிப் பெட்டிகளை எண்ணுவா. முந்தி எனக்குக் கோபம் வரும். இப்போது அவ எண்ணி முடிக்கும் வரைக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.